வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு ஒரு இன்வேர்ட்டர் வாங்கிய கதை

2022 மார்ச் கடைசியில் கொழும்பில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்கள். அப்போதே வீட்டுக்கு ஒரு மாற்று ஏற்பாடு வேண்டும் என்று பேசினோம். பணம் சேர நாள் எடுத்தது. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை. அம்மா அவிச்சலில் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை.

ஜெனரேட்டர் எங்களுக்குச் சரிவராது. பல்கனியில் ஓடவிட்டால் அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட் வீட்டுக்குள் வரும். மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும் வாயு அது. சோலர் போடக் கூரை எங்களுடையதல்ல. தெஹிவளையில் மாமா வீட்டில் சோலர் இருக்கிறது, ஆனால் அன்று நல்ல வெயிலிலும் அங்கே ஃபேன் ஓடவில்லை. பற்றரி இல்லாமல் மின்கம்பியோடு இணைத்த சோலர், கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவருக்கு ஷொக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே பற்றரியும், அதன் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டரும். கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே கணக்குப் போட்டேன். இரண்டு சீலிங் ஃபேன் 150 வாட், நாலு எல்இடி குமிழ் 36, ரவுட்டர் 12. மொத்தம் 200 வாட் அளவு. ஐந்து மணி நேரம் ஓட ஒரு யூனிட், அதாவது 1000 வாட் மணி வேண்டும்.

கடைக்காரர் 12 வோல்ட் 150 ஆம்பியர் மணி டியூபுலர் பற்றரியைக் காட்டினார், அது ஒரு வகை ஈயப் பற்றரி. கணக்குப்படி அதில் 1800 வாட் மணி இருக்கிறது. ஆனால் ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், இன்வேர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். நாலு மணி நேரம்தான் நம்பலாம். 12.8 வோல்ட் 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரியில் 1280 வாட் மணிதான், ஆனால் கிட்டத்தட்ட முழுவதையும் பாவிக்கலாம், தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. விலை கூட என்றாலும் அதையே எடுத்தோம். ஏசியையும் சேர்க்கச் சொன்னார். 12,000 பிடியூ (குளிரூட்டும் அளவு) ஏசி தனியே 1000 வாட் அளவு இழுக்கும். வேண்டாம் என்றேன்.

உண்மையில் பெரிய உதவி செய்தது ஃபேன்தான். பழையவற்றைக் கழற்றி குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் உள்ள 35 வாட் பிஎல்டிசி ஃபேன் இரண்டு மாட்டினோம். மொத்தச் சுமை 120 வாட்டுக்கு இறங்கியது. பெரிய பற்றரி வாங்காமலே அதே பற்றரி எட்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது, அம்மா விடியும்வரை நித்திரை கொள்கிறார். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

மலிவான ஸ்குவயர் வேவ் இன்வேர்ட்டரில் ஃபேன் இரையும், சூடாகும். மெயின் கரண்டைப் போலவே சீரான அலை தரும் சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள்.

வயரிங் வேலை செய்த பாஸ் நல்ல மனிதர். “லைனை மட்டும் பிரிச்சால் போதாது தம்பி, நியூட்ரலையும் பிரிக்கவேணும். இல்லாட்டி ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கும்” என்று சொல்லி, மெயின் போர்டிலிருந்தே தனி சேர்கிட் இழுத்தார். பிரிட்ஜும் கீசரும் அதில் இல்லை.

கடல் காற்றுக்குப் பற்றரி முனைகள் சீக்கிரம் கறள் பிடிக்கும். துடைத்து வாஸ்லின் பூசுகிறேன். மாதத்தில் ஒரு இரவு மெயினை நிறுத்திவிட்டு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்றும் பார்த்துக்கொள்கிறேன். பற்றரியின் தொடர் இலக்கத்தை பில்லிலேயே எழுதி வாங்கியிருக்கிறேன், உத்தரவாதம் கேட்கும்போது அது வேண்டும்.