பாரிஸில் ஒரு திமில் காளை

பாரிஸில் இறங்கியதும் ஈபிள் கோபுரத்தில் ஏறுவதுதான் திட்டம். அதைக் கெடுத்தவர் விமான நிலைய டாக்ஸிக்காரர். நகருக்குள் போக இவ்வளவுதான் என்று கட்டணம் நிர்ணயித்திருக்கிறார்கள், ஆனாலும் பெட்டிக்கு, ராத்திரிக்கு என்று ஏதேதோ சொல்லி இருபது யூரோ கூடுதலாகப் பிடுங்கிக்கொண்டார். இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு!

சரி, காசில்லாமல் சுற்றலாம் என்று நடந்தபோதுதான் பழைய நாணயம் விற்கும் ஒரு கடைக்குள் நுழைந்தேன். தட்டு நிறைய வெண்கலப் பதக்கங்கள், எல்லாம் ஒரே அளவு, 41 மில்லிமீட்டர். முன்பக்கம் அலையலையாய் முடியோடு பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயி. ஒன்றைத் திருப்பினால் திமிலோடு ஒரு காளை! நம்மூர் மாடு இங்கே எப்படி வந்தது என்று சுற்றியிருந்த எழுத்தைப் படித்தேன்: 'கொலோனியா மடகாஸ்கரிகா', அதாவது மடகாஸ்கர் குடியேற்றம், கீழே ரோமன் எண்ணில் 1665.

கதை இதுதான். 1664இல் லூயியின் அமைச்சர் கோல்பேர் பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார். மூலதனம் ஒன்றரைக் கோடி லிவர் (அந்தக் காலத்து பிரெஞ்சுப் பணம்) என்று திட்டம். ராஜாவே பெரும் பங்கு போட்டார், மற்றவர்களையும் பங்கு வாங்கச் சொல்லி நெருக்கினார்கள், அப்படியும் முழுத் தொகை சேரவில்லை. அந்தக் கம்பெனி கையில் எடுத்த மடகாஸ்கர் குடியேற்றமோ 1674இல் அடியோடு காலி. அதே ஆண்டுதான் கம்பெனி அதிகாரி பிரான்சுவா மார்ட்டின் புதுச்சேரியில் கால் ஊன்றினார். இவ்வளவுக்கும் பிறகு, பதக்க வாசகம் எழுதவே கோல்பேர் 1663இல் அமைத்த அறிஞர் குழு, 1702இல் ராஜாவின் சாதனைகளாக 286 பதக்கங்களைப் புத்தகமாகப் போட்டபோது இந்தக் காளையையும் சேர்த்துக்கொண்டது. என்ன தைரியம்! நடுவில் 1689இல் போர்ச் செலவுக்குக் காசில்லாமல் வெர்சாய் அரண்மனை வெள்ளி மேசைகளையே உருக்கியிருக்கிறார்கள். ஜம்பத்துக்கு மட்டும் குறைவில்லை.

கடைக்காரர் "லூயி காலத்துச் சரக்கு, எண்பது யூரோ" என்றார். விளிம்பைத் தடவிப் பார்த்தேன். குட்டியாக, பழங்கள் நிறைந்த வளக்கொம்பு முத்திரை ஒன்று, பக்கத்தில் உலோகத்தின் பெயர். பாரிஸ் நாணயச்சாலை 1880க்குப் பிறகு அடித்தவற்றில்தான் அந்த முத்திரை இருக்கும், பழைய அச்சில் திரும்ப அடித்தது. சொன்னதும் அவர் முகம் மாறியது, விலையும் மாறியது. முப்பத்தைந்து.

வாங்கிவிட்டேன். அன்று ராத்திரிச் சாப்பாடு நீள ரொட்டியும் இரண்டு வாழைப்பழமும்.