லாக்விலா போனா அண்ணாந்து பாக்காதீங்க, மூலைய பாருங்க

இத்தாலின்னா ரோம், வெனிஸ், அப்புறம் பைசா கோபுரத்த கையால தாங்குற மாதிரி ஒரு போட்டோ, அதோட முடிச்சிட்டு வந்துடுவாங்க எல்லாரும். நாங்க ரோம்ல திபுர்தினா பஸ் ஸ்டாண்ட்ல ஏறி மலைப்பக்கம் லாக்விலாவுக்கு போனோம். என் ஃப்ரெண்டு ஒருத்தன் பழைய கல் கட்டடங்கள பத்தி அங்க மேல்படிப்பு படிக்கிறான், நான் ஊர்ல அபார்ட்மெண்டுக்கு தூண், பீம் டிசைன் போட்டே காலத்த ஓட்டுற சிவில்காரன், அதனால "வாடா, உன் சாஃப்ட்வேர்ல வராத கட்டடம் காட்டுறேன்"னு கூட்டிட்டு போனான்.

2009 ஏப்ரல் 6, விடியக்காலை 3.32க்கு 6.3 அளவுல குலுங்கின ஊரு இது. 309 பேர் செத்துட்டாங்க. 1703லயும் ஒரு தடவ இடிஞ்சு மறுபடி எழும்பின ஊரு வேற.

மொதல்ல கொல்லெமாஜியோ பசிலிக்கா, ஊரோட பெரிய சர்ச். வெள்ளையும் ரோஸும் கலந்த கல்லுல கோலம் போட்ட மாதிரி ஒரு முகப்பு, சும்மா பாத்துட்டே நிக்கலாம். 1294ல செலஸ்டின்னு ஒரு போப்புக்கு இங்கதான் முடிசூட்டினாங்க, அந்த மனுஷன் சில மாசத்துலயே பதவி வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு போயிட்டார். 2009ல இடிபாட்ட பாக்க வந்த பதினாறாம் பெனடிக்ட் போப், செலஸ்டின் உடல் மேல தன் தோள்ல போட்டிருந்த பாலியம்ங்கிற போப்போட துணிப்பட்டைய கழட்டி வச்சிட்டு போனார், 2013ல அவரும் ராஜினாமா பண்ணிட்டார், இத ஊர்ல இன்னமும் பேசிக்கிறாங்க!

சரி விஷயத்துக்கு வரேன். 2009ல இந்த முகப்பு நின்னுடுச்சு. ஆனா உள்ள பீடத்துக்கு முன்னாடி இருந்த பெரிய ஆர்ச், டோம், குறுக்கு ஹால் எல்லாம் பொலபொலன்னு கொட்டிடுச்சு. அதே முகப்புல ஒரு பகுதி 1915 நிலநடுக்கத்துல சரிஞ்சு திருப்பி கட்டினது. ஒரே கட்டடம்தான், ஒரு தடவ முன்பக்கம் போகுது, அடுத்த தடவ நடுப்பக்கம் போகுது. நம்ம ஆளு சொன்னது இதான்: "சர்ச்ச ஒரே கட்டடமா பாக்காத மச்சான். முகப்பு தனி, பக்கச்சுவர் தனி, ஆர்ச் தனி, மணிக்கூண்டு தனி, ஒவ்வொண்ணும் தன் இஷ்டத்துக்கு விழும்." வீடுன்னா நடுவுல தளம் இருக்கும், குறுக்குச்சுவர் இருக்கும், ஒண்ண ஒண்ணு பிடிச்சிக்கும். சர்ச்சுல ஒசந்த சுவரு, நடுவுல ஒண்ணுமே கிடையாது, வெறும் ஆகாசம். கல்லு நசுங்கி விழறது அபூர்வம், மூட்டுல பிரிஞ்சு மொத்தமா சாயறதுதான் வழக்கம்.

1976ல வடகிழக்கு இத்தாலில ஃப்ரியூலி பகுதி நிலநடுக்கத்துக்கு அப்புறம் இடிஞ்ச சர்ச்சுங்கள பாத்து பாத்து, எது எப்படி விழுதுன்னு இத்தாலிக்காரங்க வகை பிரிச்சாங்க, இப்போ அது 28 வகையா ஒரு ஃபாரத்துல இருக்கு. முகப்பு முன்னாடி சாயறது, முகப்போட உச்சி முக்கோணம் மட்டும் விழறது, பீடத்துக்கு பின்னாடி வளைஞ்ச சுவர் வெளிய தள்ளறது, இப்படி. ஒவ்வொரு வகைக்கும் தடுக்கறதுக்கு என்ன இருக்கு, கெடுக்கறதுக்கு என்ன இருக்குன்னு ரெண்டு மார்க், கடைசில 0லேருந்து 1க்குள்ள ஒரு நம்பர். ரெண்டும் சமமா இருந்தா 0.5, 1க்கு பக்கம் போனா கஷ்டம்தான். இது ஊர் ஊரா எத மொதல்ல கவனிக்கணும்னு தேர்ந்தெடுக்கறதுக்கான முதல் லெவல்தான், ஒரு சர்ச்ச நிஜமா பலப்படுத்தணும்னா தனித்தனி துண்டா கணக்கு போட்டே ஆகணும்.

ஒரு சந்துல சின்ன சர்ச் ஒண்ணு பூட்டி கிடந்துச்சு. "எங்க, நீ மார்க் போடு"ன்னான். நான் உடனே மணிக்கூண்ட அண்ணாந்து பாத்தேன். "டேய், மூலைய பாரு மொதல்ல." முகப்பும் பக்கச்சுவரும் சேர்ற இடத்துல மேலேர்ந்து கீழ வரைக்கும் பூச்சு வேற கலர்ல ஒரு கோடு, பழைய விரிசல மூடி வச்சிருக்காங்க. கல்லுங்க மாத்தி மாத்தி கோத்துக்காம முகப்பு சும்மா ஒட்டிக்கிட்டு நிக்குது. கீழ பூச்சு பேந்த இடத்துல பாத்தா, வெளிய அழகா செதுக்கின கல்லு, அதுக்கு பின்னாடி உருண்டைக் கல்லும் பொடிஞ்ச சுண்ணாம்பும், விரலால நோண்டினா உதிருது. சுவரோட முழு தடிமனுக்கும் குறுக்கால போயி உள்ளயும் வெளியயும் சேத்துப் பிடிக்கிற நீளக்கல் ஒண்ணு கூட கண்ணுல படல. பக்கச்சுவர்ல மட்டும் இரும்புத் தகடு ரெண்டு தெரிஞ்சுச்சு, உள்ள குறுக்கால கம்பி ஓடுதுன்னு அர்த்தம், அதுக்கு நல்ல மார்க் உண்டு. அந்த மாதிரி கம்பிய தட்டி அதிர்வ அளந்து, எவ்வளவு இழுவையில இருக்குன்னு கணக்கு போடுவாங்களாம்.

அப்புறம் சண்ட வந்துச்சு எங்களுக்கு. சுத்தி ஒரு கான்கிரீட் பெல்ட் போட்டு, மேல ஸ்லாப் போட்டா வேல முடிஞ்சுதுன்னேன். போன நூற்றாண்டுல இத்தாலி முழுக்க அதான் பண்ணாங்களாம், மரக்கூரைய எடுத்துட்டு கான்கிரீட்ட ஏத்தினாங்க. நொந்து போன கல்லுச்சுவர் மேல அவ்வளவு வெயிட்டு ஆடினா சுவரு கீழ பிரிஞ்சு பெல்ட் மட்டும் அந்தரத்துல நிக்குது, 1997ல அம்ப்ரியா மாநில நிலநடுக்கத்துலயும் இங்க 2009லயும் அத நல்லாவே பாத்துட்டாங்க. அரோஸ்டிச்சினி (ஆட்டுக்கறி குச்சி, தட்டு தட்டா உள்ள போகுது) சாப்ட்டு முடிக்கற வரைக்கும் வாதாடிட்டு கடைசில ஒத்துக்கிட்டேன், கொஞ்சம் இழுவைக் கம்பி, லேசான மரக்கூரை, சுண்ணாம்புக் கரைசல் ஊசி போட்ட சுவர், இதுக்கு மேல கை வைக்காம இருக்கறதுதான் நல்லது.

திரும்பற வழியில அதே அம்ப்ரியாவுல இருக்குற அஸ்ஸிசி, அங்க புனித பிரான்சிஸ் பசிலிக்கா. 1997 செப்டம்பர் 26 விடியறதுக்கு முன்னாடி ஒரு நடுக்கம், அன்னைக்கு காலைல சேதத்த பாக்க ஆளுங்க உள்ள போனப்ப 11.42க்கு இன்னொண்ணு, கூரை வளைவு விழுந்து நாலு பேர் செத்துட்டாங்க, ரெண்டு துறவிங்க, ரெண்டு பேர் பரிசோதிக்க வந்தவங்க. வளைவு மேல நூத்துக்கணக்கான வருஷமா சேந்து கிடந்த இடிசலும் மண்ணும் பெரிய காரணம்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க, கீழேர்ந்து பாத்தா அது தெரியவே தெரியாது. இப்பல்லாம் தீயணைப்புக்காரங்களோடதான் ஆய்வுக்குழு உள்ள போகும்.

போறவங்களுக்கு: ஆகஸ்ட் 28 பக்கம் கொல்லெமாஜியோவுல புனித வாசல் திறப்பு, கூட்டம் அள்ளும், ரூம் முன்னாடியே போட்டுக்கோங்க.