எம்.எஸ். ப்ளூவும் மாமாவின் தலைமுடியும்

திருக்கடையூரில் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்து நாலு நாள் ஆகியிருக்கும். அத்தையிடமிருந்து போன்.

"போட்டோவெல்லாம் பார்த்தேன்டா. என் புடவை எங்கே?"

புடவை படத்தில்தான் இருந்தது, நிறம்தான் ஊரைவிட்டே போயிருந்தது. கடை கடையாக ஏறி இறங்கி அத்தை வாங்கிய எம்.எஸ். ப்ளூ அது. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் நெய்து கொடுத்தாரே, அந்த நீலம். நான் எடுத்த படத்தில் பாசி பிடித்த குளம் மாதிரி இருந்தது. காரணம், வீடியோக்காரர் நிறுத்தியிருந்த மஞ்சள் விளக்கு. அந்த வெளிச்சத்தில் நீலமே குறைச்சல். வராத நீலத்தைப் புடவை எங்கிருந்து திருப்பித் தரும்?

"சரி பண்ணிடலாம் அத்தை" என்று வாயை விட்டேன். மூன்று ராத்திரி போயிற்று.

படம் திருத்துகிற ஜிம்ப் மென்பொருளில் படத்தைத் திறந்தால் முதல் வில்லன் ஹோமப்புகை. கறுப்பு கறுப்பாக இல்லை, வெள்ளை வெள்ளையாக இல்லை, எல்லாமே சாம்பல். எந்த வெளிச்சத்தில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் கறுப்பின் 0 பக்கம் காலி, வெள்ளையின் 255 பக்கமும் காலி. நடுவில் மட்டும் முதல் பந்திக்கு முண்டியடிக்கிற கூட்டம். அந்த இரண்டு எல்லைகளையும் நகர்த்துகிற லெவல்ஸ் கருவியில் கறுப்பு முக்கோணத்தை வலப்பக்கமும் வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கமும் கொஞ்சம் நகர்த்தியதும் புகை விலகி மனிதர்கள் தெரிந்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். இன்னும் கொஞ்சம் இழுத்தேன், மாமாவின் வேட்டிச் சரிகையைக் காணோம். 255-ஐத் தொட்ட இடத்தில் மிஞ்சுவது வெறும் வெள்ளை. அப்படியே சேமித்து மூடிவிட்டால், பிறகு வெளிச்சத்தைக் குறைத்தாலும் சாம்பல் வேட்டிதான் வரும், சரிகை வராது. செய்ததை ரத்து செய்கிற கன்ட்ரோல் இசட்டைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு அர்ச்சனை செய்யலாம்.

அடுத்து, "மாமா மூஞ்சி இருட்டா இருக்கே" என்று ஒரு மனு. நிழல் பகுதிகளை மட்டும் தூக்கினேன். முகம் பளிச்சென்று வந்தது. கூடவே காதுக்கு மேலே, டை எட்டாத இடத்தில், ஒரு நெல் அகலத்துக்கு வெள்ளை வேர்களும் வந்தன. அதை மாமாவுக்கு மட்டும் அனுப்பினேன். அடுத்த நிமிடமே போன், குரல் ரகசியமாக.

"மாப்ளே, தலைப் பக்கம் மட்டும் கொஞ்சம் இருட்டாவே இருக்கட்டும். அதான் இயற்கையா இருக்கும்."

மறுபடி இறக்கினேன்.

கடைசியில் புடவை. கலர் டெம்பரேச்சரை நீலத்தின் பக்கம் தள்ளினால் புடவை உயிர் பெற்றது, ஆனால் சந்தனம் சுண்ணாம்பாகிவிட்டது, குருக்களுக்கு விஷம் ஏறிவிட்டது. ஒரே ஸ்லைடரால் மொத்தக் குடும்பத்தையும் திருப்திப்படுத்த முடியாது. எனவே தலைப்பிலிருந்து கொசுவம் வரை புடவையை மட்டும் மவுஸால் சுற்றிச் சுற்றித் தேர்ந்தெடுத்தேன். அத்தை மடியில் உட்கார்ந்திருந்த பேரன் வேறு, கையைக் காலை நீட்டிப் பாதி விளிம்பைச் சிக்கலாக்கியிருந்தான். ஒரு வழியாக முடித்து ராத்திரி அனுப்பினேன்.

"இன்னும் பச்சையாத்தான்டா இருக்கு."

நீலத்தை ஏற்றி இரண்டாவது அனுப்பினேன். "பச்சைதான்." மூன்றாவதில் நிறத்தை அடர்த்தியாக்குகிற சாச்சுரேஷனைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினேன். "பரவாயில்லை, ஆனா அந்த நீலம் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே போய்விட்டேன். அத்தையின் போனை வாங்கிப் பார்த்தால் திரையே ஆரத்தித் தட்டு மாதிரி இருந்தது. வாட்ஸ்அப்பின் வெள்ளைப் பின்னணிகூட மஞ்சள். கண் பாதுகாப்பு ஃபில்டர்! ஏழு மணியானால் தானே விழித்துக்கொண்டு திரையின் நீலத்தைக் குறைக்கிற வகை. போன தீபாவளிக்கு "கண்ணு எரியுதுடா" என்று அத்தை சொன்னபோது அதை வைத்துக் கொடுத்த புண்ணியவான் நான்தான்.

பேசாமல் அணைத்தேன். மூன்றாவது படம் திரையில் இருந்தது.

"ஐயையோ, என்னடா இது! சொட்டு நீலத்துல முக்கி எடுத்த மாதிரி!"

முதலில் அனுப்பியதைத் தேடி எடுத்துக் காட்டினேன். அத்தை முகம் மலர்ந்தது.

"இதான் என் புடவை. இதை முதல்லயே அனுப்பறதுக்கு என்ன?"

ஊஞ்சலில் இருந்த மாமாவும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார், புடவையை அல்ல. கண்ணாடியை மாட்டிக்கொண்டு காதுப் பக்கத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பிரிண்ட் போடற இடத்துல பிரைட்னஸை ஏத்திடப் போறான் மாப்ளே. கூடவே நின்னு வாங்கிட்டு வா."