புர்னோவில் ஒரு கண்ணாடிக் கூடம்

வியன்னாவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம், செக் குடியரசின் புர்னோ வந்துவிடும். நான் போனது நவீனக் கட்டடக் கலைக்குப் பெயர்போன டுகென்ட்ஹாட் வில்லா என்ற வீட்டைப் பார்க்க. நினைத்த நேரத்தில் போய் நுழைய முடியாது, டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.

தெருவில் நின்று பார்த்தால் ஏமாற்றம்தான். வெள்ளையடித்த, தாழ்வான கட்டடம். இதற்கா இத்தனை பேச்சு என்று தோன்றும். வீடு சரிவில் நிற்பதால் மேல்தளத்தில் நுழைந்து, படியிறங்கித்தான் கூடத்துக்கு வர வேண்டும். அங்கே தோட்டத்துப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதில் இரண்டு பெரிய கண்ணாடிகள் மோட்டாரின் உதவியால் அப்படியே தரைக்குள் இறங்கிவிடும்.

கூடத்தின் நடுவே தேன் நிறத்தில் ஓனிக்ஸ் கல் சுவர். மொராக்கோவிலிருந்து வந்த கல். சூரியன் தாழ இருக்கும் குளிர்கால மாலைகளில் வெயில் அதை ஊடுருவி, மறுபக்கம் சிவந்து தெரியும். நான் போன நேரத்துக்கு ஓரத்தில் லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். அதற்கே கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டது.

1930-ல் ஜெர்மன் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹே கட்டி முடித்த வீடு இது. உள் அலங்காரத்தில் அவரோடு வேலை செய்த வடிவமைப்பாளர் லில்லி ரைஷின் பங்கு பெரியது. வீட்டுக்காரர்களான டுகென்ட்ஹாட் குடும்பத்தினர் யூதர்கள். நாஜிகளுக்குப் பயந்து 1938-ல் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. அப்புறம் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ வீட்டைப் பறித்துக்கொண்டது, 1945-ல் சோவியத் படையின் குதிரைகள் நின்றன, பிறகு நடனப் பள்ளி, குழந்தைகளுக்கான சிகிச்சை மையம்.

சாப்பாட்டு இடத்தை அரைவட்டமாக வளைக்கும் மக்காசர் கருங்காலிச் சுவரும் அந்தக் காலத்தில் காணாமல் போனதுதான். 2010-ல் தொடங்கிய சீரமைப்பின்போது, அதன் பலகைகள் ஊரிலுள்ள சட்டக் கல்லூரியின் உணவகச் சுவரில் கிடைத்தன. போர்க்காலத்தில் அந்தக் கட்டடம்தான் கெஸ்டபோ தலைமையகம்! கிடைத்ததைத் திரும்பப் பொருத்தி, இல்லாததைப் புதிதாகச் செய்திருக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன், மரத்தின் கோடுகள் வளைவோடு சேர்ந்தே ஓடுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது விளக்கு விஷயம். பால் கண்ணாடிச் சுவர் ஒன்று, அதற்குள்ளே பல்புகள். எரிந்தால் சுவரே விளக்காகிவிடும். கூரையில் டென்மார்க்கின் பவுல் ஹென்னிங்சன் வடிவமைத்த விளக்குகள், பல்பு கண்ணைக் குத்தாமல் அடுக்கடுக்காய் மூடியவை. ஓனிக்ஸ் கல்லை எடுத்துக்காட்ட நாலு ஸ்பாட்லைட் மாட்டும் ஆசையைச் சீரமைத்தவர்கள் அடக்கியிருக்கிறார்கள். பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள் முதலில் கோட்டைவிடுவது இதில்தான்.

நாற்காலி, மேசைகளில் பெரும்பாலானவை நகல்கள். சிலருக்கு அது உறுத்தலாம், எனக்கு உறுத்தவில்லை. போகிறவர்கள் நீண்ட சுற்றுக்கே டிக்கெட் எடுங்கள். அதில்தான் கண்ணாடியை இறக்கும் எந்திரம் இருக்கும் கீழ்த்தளத்தையும் காட்டுகிறார்கள்.