முதல் வார்டு போஸ்டிங்கும் கையில் இருந்த சாமி கயிறும்

பெங்களூரில் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தவர்களை முதல் வார்டு போஸ்டிங்குக்கு, அதாவது ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சிக்கு, அனுப்புவதற்கு முன் எங்கள் கல்லூரியில் ஒரு சோதனை வைப்பார்கள். வரிசையாக நிற்க வேண்டும், ட்யூட்டர் மேடம் கொண்டையிலிருந்து ஷூ வரை பார்ப்பார், ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் அன்றைக்கு வார்டும் இல்லை, அட்டெண்டன்ஸும் இல்லை. நகம், வளையல், தலையில் பூ இதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமாக இல்லை. பிரச்சினை வந்தது மணிக்கட்டில் கட்டியிருந்த சாமி கயிற்றில்.

கழற்றச் சொன்னார்கள். தருமபுரிக்கு போன் போட்டால் அம்மா, "கோயில்ல கட்டினதுடி, தானா அறுந்து விழணும், கத்திரி படக்கூடாது" என்று ஒரே பிடி. பின்னாலிருந்து பாட்டி, "என்ன காலேஜ் அது" என்கிறார். எனக்கும் கோபம்தான், மோதிரம் வேறு கயிறு வேறு இல்லையா என்று.

அந்த வாரம் தொற்றுத் தடுப்பு வகுப்பு எடுத்த சிஸ்டர் இதைப் பற்றிப் பேசவே இல்லை. கையில் ஒரு ஜெல்லைத் தேய்க்கச் சொன்னார், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார், கழுவிய கையை இருட்டறையில் புற ஊதா விளக்குக்கு அடியில் நீட்டச் சொன்னார். ஜெல் எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே பளிச்சென்று தெரியும். கட்டைவிரல், நகக்கண், விரலிடுக்கு எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தது, பக்கத்தில் நின்றவளுக்கு மோதிரத்தடியில், எனக்குக் கயிறு முழுக்க. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற மாதிரி 40 முதல் 60 நொடி எடுத்துக் கழுவின கை அது. அந்த ஈரக் கயிறு ஒரு நோயாளியின் புண் கட்டிலிருந்து அடுத்தவர் கட்டிலுக்குப் போகும் என்று புரிந்த பிறகு எனக்கு வாதாட ஒன்றும் இல்லை. அம்மாவிடம் இதை அப்படியே சொன்னேன். வழி சொன்னது பாட்டிதான்: "மூணு சுத்து சுத்தியிருக்கில்ல, முடிச்சை அவிழ்த்து மேல்கையில கட்டிக்கோ, சட்டை மறைச்சிடும்." கத்திரியும் படவில்லை, மேடமும் ஒன்றும் சொல்லவில்லை.

இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒரு மனக்குறை உண்டு. முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது என்ற விதியை இங்கிலாந்தில் 2007-லேயே கொண்டுவந்தார்கள், அதில் கைக்கடிகாரத்தோடு முழுக்கை கோட்டும் சேர்த்தி. ஆனால் எங்கள் கயிற்றையும் வாட்சையும் கழற்ற வைத்த அதே வார்டுக்குள் மருத்துவ மாணவர்கள் முழுக்கை வெள்ளைக் கோட்டோடு வந்து, கை விளிம்பு படுக்கையில் உரச உரச வயிற்றை அழுத்திப் பார்ப்பார்கள். யாரும் கேட்க மாட்டார்கள். தலைமுடிக்கு இந்த நிற கிளிப்தான் என்பது போன்றவை வெறும் கல்லூரிப் பழக்கம், நோயாளிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. நகம் அப்படியல்ல, நுனி அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஒட்டு நகம் கூடவே கூடாது.

புதிதாகச் சேர்பவர்களுக்கு: யூனிஃபார்மை சிவாஜிநகரில் தைக்கக் கொடுத்தால் வாங்கும்போதே கையைத் தூக்கி, நன்றாகக் குனிந்து பாருங்கள், பெட் போடும்போது இழுக்கக் கூடாது. நாடித்துடிப்பு எண்ண நொடி முள் உள்ள, ஊக்கு வைத்த வாட்ச் ஒன்று வேண்டும், சட்டையில் மாட்டிக்கொள்ளலாம். யூனிஃபார்மோடு பஸ் ஏறாதீர்கள். எங்களுக்கு உடை மாற்ற அறைகூட ஒழுங்காகக் கிடையாது, கழிவறையில்தான் மாற்றுவோம், இருந்தாலும் பையில் கொண்டுபோவதுதான் சரி. ரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், வெந்நீர் பட்டால் கறை அப்படியே பிடித்துக்கொள்ளும். போர்வெல் உப்புத் தண்ணீரில் வெள்ளைத் துணி சீக்கிரம் பழுப்பாகிவிடுகிறது, அதனால் அல்சூரில் சித்தி வீட்டில் காவிரித் தண்ணீர் விடுகிற நாள் பார்த்துத்தான் நான் மொத்தமாகத் துவைக்கிறேன்.