பீக் இல்லை என்று சாம்பிளைத் திருப்பித் தந்தார்கள்

டோப் செய்ய, அதாவது எலக்ட்ரான் எண்ணிக்கையை மாற்ற, கார்பன் நானோகுழாய் ஃபிலிமை நைட்ரிக் அமிலத்தில் நனைத்தது, கழுவியது, உலர்த்தியது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. எந்த அலைநீள ஒளியை அது எவ்வளவு உட்கவர்கிறது என்று காட்டும் நிறமாலையை எடுப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

எங்கள் ஆய்வகக் கருவி 1100 நானோமீட்டரோடு நின்றுவிடும். 1.4 நானோமீட்டர் விட்டமுள்ள குழாய்களுக்கு எஸ்11 பீக், அதாவது குறைகடத்திக் குழாய்கள் ஒளியை உட்கவர்வதில் வரும் முதல் முகடு, வருவதோ 1800 பக்கம். அதனால் பொதுக் கருவி மையத்துக்கு நடை. படிவத்தில் வழிகாட்டியின் கையெழுத்து இருக்கிறது, துறை முத்திரை இல்லையாம், திருப்பி அனுப்பினார்கள்.

ஒருவழியாக அளந்து கொடுத்த ரிப்போர்ட்டில் ஒரே வரி: "பீக் வரவில்லை, சாம்பிள் சரியில்லை." எரிச்சலாக வந்தது. அந்த பீக் மறைய வேண்டும் என்றுதானே டோப் செய்ததே! அமிலம் குழாயிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது; ஃபெர்மி மட்டம், அதாவது எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் ஆற்றல் மட்டம், கீழே இறங்குகிறது. மேலே தாவ வேண்டிய எலக்ட்ரானே இல்லாதபோது ஒளியை எது உட்கவரும்? முதலில் எஸ்11 கரையும். டோப்பிங் பலமானால் 1000 நானோமீட்டர் பக்கமுள்ள இரண்டாவது முகடான எஸ்22-வும் சரியும்.

இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. கடைசியில் அதே ரிப்போர்ட்டில் 700 நானோமீட்டர் பக்கம் இருந்த சின்ன மேட்டைக் காட்டினேன். அது உலோகத் தன்மையுள்ள குழாய்களின் முகடான எம்11. இந்த அளவு டோப்பிங்குக்கெல்லாம் பெரிதாக அசையாது. "சாம்பிளே சரியில்லை என்றால் இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டதும் ஆபரேட்டர் மறுபடி அளக்கச் சம்மதித்தார்.

அடுத்த தேதி வருவதற்குள் இன்னொரு கூத்து. பெட்டியில் கிடந்த ஃபிலிமிலிருந்து அமிலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, எஸ்11 மறுபடி தலைதூக்கிவிட்டது. நைட்ரிக் அமில டோப்பிங் நிலைக்காது, சூடு பட்டால் இன்னும் சீக்கிரம் போய்விடும். அளக்கும் நேரம் உறுதியாகாமல் டோப் செய்யவே செய்யாதீர்கள்.

ஒப்பீட்டுக்கு வைக்கிற டோப் செய்யாத ஃபிலிமையும் அப்படியே நம்ப வேண்டாம். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் அதையும் லேசாக டோப் செய்திருக்கும். வெற்றிடத்தில் சூடாக்கி, உடனே அளந்தபோதுதான் எஸ்11-இன் முழு உயரம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் டோப் செய்த வளைகோட்டை வைத்துக் காட்டியபோது ஆபரேட்டர் வாய் திறக்கவில்லை.

அப்புறம், கருவி டிடெக்டர் மாற்றும் இடத்தில் வளைகோட்டில் சின்னப் படி விழும். அதை பீக் என்று எண்ணி ஓடாதீர்கள். ஃபிலிமுக்குப் பதில் கரைசலில் அளப்பவர்கள் கனநீர் (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள தண்ணீர்) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தண்ணீர் 1450 நானோமீட்டர் பக்கம் தானே ஒளியை விழுங்கிவிடும்.