குட்டி இன்ஜினுக்குக் கனம் சேர்த்தது

நான் செய்துவரும் ஒற்றை சிலிண்டர் நீராவி இன்ஜின் ஓடத் தொடங்கிவிட்டது. பாய்லர் இன்னும் தயாராகவில்லை, கம்ப்ரசர் காற்றில்தான் ஓட்டுகிறேன். மெதுவாக ஓடினால் கண்கொள்ளாக் காட்சி. வால்வைக் கொஞ்சம் திறந்தால் மேசைமேல் துள்ளித் துள்ளி நகர்கிறது. பிஸ்டனின் ஆட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கில், அந்த ஆட்டத்தைச் சமன்செய்யும் எதிர் எடை போதவில்லை. அலுமினியத்தில் கடைந்த ஃப்ளைவீலும் (ஓட்டத்தைச் சீராக்கும் சக்கரம்) ரொம்ப இலேசு.

முதலில் ஃப்ளைவீல். கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரில்) ஒரு காயலான் கடையில் விசைப்படகு புரொப்பல்லர் துண்டைக் கையில் கொடுத்து, "வெங்கலம் தம்பி, கனத்தப் பாரு" என்றார் கடைக்காரர். கனம்தான். ஆனால் வெங்கலம், பித்தளை எல்லாம் ஒரு கன செ.மீ.க்கு எட்டரை கிராமை ஒட்டித்தான், வார்ப்பிரும்பு 7.2. அதே தடிமனில் விட்டத்தை 60 மி.மீ.யிலிருந்து 70 ஆக்கினால் சுழல் நிலைமம், அதாவது வேகம் மாறுவதை எதிர்க்கும் குணம், 1.85 மடங்காகிவிடும், ஆரத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால். அதனால் வார்ப்பிரும்பு உருளை ஒன்றையே வாங்கி வந்தேன். மேல்தோல் கடினமாக இருக்கும், மேலோட்டமாக உரசினால் டூல் முனை மழுங்கிவிடும். முதல் வெட்டையே தோலுக்கு அடியில் ஆழமாகக் கொடுத்தேன். எண்ணெய் விடவில்லை. கறுப்புத் தூள் கொட்டும் என்பதால் லேத் (கடைசல் இயந்திரம்) பெட்டில் செய்தித்தாள் விரித்திருந்தேன். இந்த உப்புக்காற்றுக்கு, கடைந்த முகத்தில் உடனே எண்ணெய் தடவியாக வேண்டும்.

கிராங்கில் இந்தக் கணக்கு உதவாது. கிராங்க் சுழலும் கேஸுக்குள் (கூடு) விட்டத்தைக் கூட்ட இடமே இல்லை. ஈயம் 11.3, ஆனால் மெத்து, விஷமும்கூட. டங்ஸ்டன் 19.3, அதாவது இரும்பைப்போல் இரண்டரை மடங்கு. கட்டியாக வாங்கிக் கடைய என் லேத்தால் ஆகாது. அப்போதுதான் டிக் (TIG) வெல்டிங்கில் மின்பொறி எழுப்பும் குச்சி நினைவுக்கு வந்தது, அது டங்ஸ்டன்தானே! புதுச்சேரியில் வெல்டிங் சாமான் கடையில் 3.2 மி.மீ. குச்சி, சாம்பல் நிற முனை கேட்டு வாங்கினேன். சிவப்பு முனையில் தோரியம் உண்டு, கதிரியக்கப் பொருள். அதன் தூசு மூச்சில் போகக்கூடாது.

முதல் துண்டை அப்படியே ஒடித்தேன், நீளவாக்கில் பிளந்துவிட்டது. பிறகு டயமண்ட் வீலில் சுற்றிலும் காடி போட்டு ஒடித்தபோது ஒழுங்காக வந்தது. கிராங்கின் இரு பக்கத் தகடுகளில் ஒன்றான, 8 மி.மீ. தடிமனுள்ள வெப்பில் நான்கு துளைகள், ஷாஃப்டுக்கு இணையாக. விளிம்பிலிருந்து உள்நோக்கிப் போட்டால் வேகத்தில் துண்டு வெளியே பறந்துவிடும். ரீமர் விட்டுத் துளையைத் துல்லியமாக்கி, பிசின் தடவி அழுத்தினேன். கூடிய எடை 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு.

நேற்று ராத்திரி அதே வால்வு திறப்பில் ஓட்டினேன். நடுக்கம் இருக்கிறது, ஆனால் இன்ஜின் வைத்த இடத்திலேயே நின்றது. எதிர்ப்பக்க வெப்புக்கு இன்னும் நான்கு துண்டுகள் வெட்ட வேண்டும்.